கண்டங்கத்திரியா, தூதுவளையா? கணியம்பாடி மனையில் படர்ந்த முள்செடி

வேலூர் மாவட்டம் கணியம்பாடி பக்கம் புதிதாக வாங்கிய மனையில் ஒரு முள்செடி தரையோடு படர்ந்திருக்கிறது, ஊதாப் பூவும் மஞ்சள் காயுமாக, இலைமேலேகூட முள் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்து நிலத்துப் பெரியவர் அதைக் கண்டங்கத்திரி என்கிறார், உங்கள் மாமியார் தூதுவளை என்கிறார். ஆறு வயதுப் பையனுக்கு மூன்று வாரமாக இருமல். இதைக் கஷாயம் வைத்துக் கொடுக்கலாமா, இல்லை வீடு கட்டும் முன் எல்லாவற்றையும் பிடுங்கி எரித்துவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

முதலில் பையனைப் பார்ப்போம். செடி எங்கேயும் ஓடிப்போகாது. சின்னப் பிள்ளைக்கு மூன்று வாரம் இருமல் நீடிக்கிறது என்றால் அது கைவைத்தியத்துக்கான கட்டம் இல்லை அம்மா. இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் என்றாலே காசநோய் உண்டா என்று பார்த்துவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் கடைப்பிடிக்கிற வழக்கம். அரசு மருத்துவமனையில் அந்தப் பரிசோதனையும் இலவசம், நோய் இருந்தால் மருந்தும் இலவசம். பெரும்பாலும் அது காசநோயாக இருக்காது. ஆஸ்துமாவின் தொடக்கமாக இருக்கலாம், சாதாரணச் சளி இழுத்துக்கொண்டிருக்கலாம். நம் பக்கத்தில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. வேர்க்கடலை விளைகிற ஊர் இது. கடலையை வாயில் போட்டுக்கொண்டு ஓடி விளையாடும் பிள்ளைகளுக்கு ஒரு பருப்பு மூச்சுக்குழலில் போய்ச் சிக்கிக்கொள்வது உண்டு. வெளியே ஒன்றும் தெரியாது, இருமல் மட்டும் நிற்காது. எந்தக் கஷாயமும் அதை எடுக்காது. அதனால் நாளைக்கே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை இந்தச் செடியில் ஒரு இலைகூட அவன் வாய்க்குப் போக வேண்டாம்.

சரி, இப்போது செடிக்கு வருகிறேன். நான் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். அப்பாவுக்கு வேலூர் மாவட்டத்து அணைக்கட்டு ஊர்ப் பக்கம் கொஞ்சம் கத்திரித் தோட்டம் இருந்தது. கத்திரிக் குடும்பத்துச் செடிகளோடு எனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம், காலில் முள் குத்தின பழக்கமும் சேர்த்து.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் பெரியவர் சொன்னதே சரி என்றுதான் தோன்றுகிறது. ஆனால் சொல்லைக் கேட்டு ஒரு மூலிகையை முடிவு செய்யக்கூடாது. நேரில் போய் ஒவ்வொன்றாகப் பாருங்கள். கண்டங்கத்திரி எழுந்து நிற்காது. நடுவில் ஒரு வேர், அதிலிருந்து கிளைகள் வட்டமாகத் தரையை ஒட்டிப் பரவும். விரித்துப் போட்ட பாய் மாதிரி இருக்கும். கிளை கணுவுக்குக் கணு கொஞ்சம் வளைந்து வளைந்து போகும். முள் நேராக, ஊசி மாதிரி, மஞ்சள் கலந்த பளபளப்போடு இருக்கும். பெரிய முள் ஒன்றரை சென்டிமீட்டர்வரைகூட நீளும். தண்டில் மட்டும் இல்லை, இலையின் நடுநரம்பில், பக்க நரம்பில், மேல்புறம், அடிப்புறம், பூக்காம்பு, காயை மூடுகிற புல்லி என்று எங்கு தொட்டாலும் முள். இலை 5 முதல் 10 சென்டிமீட்டர் நீளம், ஓரம் ஆழமாக வெட்டி வெட்டி இருக்கும். பூ ஊதா, ஐந்து இதழும் அடியில் சேர்ந்து நட்சத்திரம் மாதிரி விரிந்திருக்கும், நடுவில் ஐந்து மஞ்சள் மகரந்தப் பைகள் குவிந்து நிற்கும். காய் கோலிக்குண்டு அளவு. பிஞ்சில் பச்சை, அதன்மேல் வெள்ளைக் கோடுகள், தர்ப்பூசணியைச் சுருக்கி வைத்தது போல. பழுத்தால் மஞ்சள். இந்தக் கோடு போட்ட காயும் தரையோடு படர்வதும் இலைமேல் நேர் முள்ளும் மூன்றும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் அது கண்டங்கத்திரிதான்.

உங்கள் மாமியார் சொன்னதிலும் காரணம் உண்டு. தூதுவளைக்கும் ஊதாப் பூதான், அதுவும் முள் உள்ளது, அதுவும் இருமலுக்குத்தான் பெயர் போனது, இரண்டும் ஒரே பேரினம். ஆனால் தூதுவளை கொடி. வேலியிலோ மரத்திலோ பற்றிக்கொண்டு மேலே ஏறும். அதன் முள் சின்னது, கொக்கி மாதிரி பின்னோக்கி வளைந்திருக்கும். அந்தக் கொக்கியால்தான் அது ஏறுகிறது. புடவை முந்தானை மாட்டினால் எளிதில் விடாது. கண்டங்கத்திரி முள் மாட்டாது, நேராகக் குத்தும். தூதுவளையின் காய் கொத்தாகத் தொங்கும், பழுத்தால் நல்ல சிவப்பு. இலை சிறியது, மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். துவையலும் ரசமும் வைக்கிறோமே, அது இந்த இலைதான். முள்ளைக் கிள்ளிவிட்டு வதக்கினால் உணவாகிவிடும். வள்ளலார் கரிசலாங்கண்ணியோடு சேர்த்துப் போற்றிச் சொன்ன கீரை. கண்டங்கத்திரி இலையை யாரும் துவையல் அரைப்பது இல்லை. மாமியாரிடம் இந்த வேறுபாட்டைக் காட்டிவிடுங்கள். அவர் நம்பிக்கையோடு அரைத்து ரசத்தில் போட்டுவிடப் போகிறார் என்பதுதான் என் கவலை.

பூக்காத காலத்தில் இன்னொரு குழப்பம் வரும். பிரம்மதண்டு, குடியோட்டிப்பூண்டு என்றும் சொல்வார்கள். பாலாற்று ஓரத்திலும் அறுவடை முடிந்த நிலத்திலும் நிறைய வரும். இளஞ்செடியாக இருக்கும்போது அதன் இலையும் வெட்டி வெட்டி, முள்ளோடு, நரம்பு வெளுத்துப்போய் தரையோடு இருக்கும். பார்க்கிறவர்கள் கண்டங்கத்திரி என்று எடுத்துவிடுவார்கள். ஒரு இலைக்காம்பை ஒடித்துப் பாருங்கள். மஞ்சளாகப் பால் வடிந்தால் அது பிரம்மதண்டு. கத்திரிக் குடும்பமே இல்லை, கசகசாவின் சொந்தம். அதன் விதை கடுகு மாதிரி கருப்பாக இருக்கும். அந்த விதையின் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்துபோய் 1998ல் டெல்லியில் நிறையப் பேருக்குக் கால் வீங்கி, இதயம் பாதித்து, உயிர்ச்சேதமும் ஆனது. கண்டங்கத்திரியை ஒடித்தால் எந்த நிறத்துப் பாலும் வராது.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, வெள்ளிநிற இலையுள்ள காட்டுச்செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து தமிழ்நாட்டில் சில பகுதிகளில் விவசாயிகளைப் பாடாய்ப் படுத்துகிற களை. அதற்கும் ஊதாப் பூ, மஞ்சள் காய். ஆனால் அது எழுந்து நிற்கும், இலை நீண்டு குறுகி, சாம்பல் பூசினது போல வெளுத்திருக்கும், முள் மெல்லியது. அது கால்நடைக்கு விஷம். வேர்த்துண்டு ஒன்று மண்ணில் இருந்தால் போதும், மறுபடி முளைக்கும். உங்கள் மனையில் இருப்பது படர்கிற செடி என்பதால் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஆனாலும் "ஊதாப் பூ, மஞ்சள் காய்" என்ற இரண்டு அடையாளம் மட்டும் போதாது என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் ஊருக்கு மிக நெருக்கமானது நான்காவது, காட்டுக் கத்திரி. தரிசிலும் ஏரிக்கரையிலும் இடுப்பளவு உயரத்துக்குப் புதராக நிற்கும். இலை கத்திரி இலை மாதிரியே சொரசொரப்பாக இருக்கும், காய் கண்டங்கத்திரியைவிடப் பெரியது, பிஞ்சில் அதற்கும் பச்சை வெள்ளைக் கோடு, பழுத்தால் மஞ்சள். நாம் சாப்பிடுகிற கத்திரிக்காயின் மூதாதை இந்தச் செடி. அதன் தாவரவியல் பெயர் சொலானம் இன்சானம். இன்சானம் என்றால் பித்துப்பிடிக்கச் செய்வது. ஐரோப்பியர்கள் ஒரு காலத்தில் கத்திரிக்காய் தின்றால் பைத்தியம் பிடிக்கும் என்று பயந்து அதைப் பித்து ஆப்பிள் என்று அழைத்தார்கள். அந்தப் பயம் இந்தப் பெயரில் அப்படியே தங்கிவிட்டது.

இதைச் சொல்லும்போது இலவம்பாடி முள்ளுக்கத்திரியைச் சொல்லாமல் போக என்னால் முடியாது. அணைக்கட்டு வட்டாரத்து இலவம்பாடியில் விளையும் அந்தக் காய்க்கு 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது, வேலூர் முள்ளுக்கத்திரி என்ற பெயரில். காம்பிலும் புல்லியிலும் தண்டிலும் முள். பறிக்கிறவர்களின் விரல் நுனியைப் பார்த்தாலே தெரியும். மற்ற ஊர்களில் முள் இல்லாத செடியாகப் பொறுக்கிப் பொறுக்கி விதை எடுத்தார்கள். நம் ஊரில் ருசிக்காக முள்ளைப் பொறுத்துக்கொண்டார்கள். முள் இருந்தால்தான் அது இலவம்பாடிக் காய் என்று சந்தையில் பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த முள் காட்டுக் கத்திரியிடமிருந்து வந்த சொத்து. 2024ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு இதற்கு நல்ல விளக்கம் கொடுத்தது. சைட்டோகைனின் என்ற வளர்ச்சி ஹார்மோனைத் தயாரிக்கும் ஒரு மரபணு கத்திரி இனங்களில் முள் வளர்வதற்கும் வேலை செய்கிறது. அது பழுதானால் முள் போய்விடுகிறது, செடியின் மற்ற வளர்ச்சிக்குப் பெரிய கேடு வருவதில்லை. உலகத்தில் வெவ்வேறு இடங்களில் மனிதர்கள் வெவ்வேறு கத்திரி இனங்களைப் பயிராக்கியபோது, ஒருவருக்கொருவர் தெரியாமலே, அதே மரபணு பழுதான செடியையே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். இந்த முள் எலுமிச்சை முள் மாதிரி கிளை மாறி வந்த முள் இல்லை. தோலிலிருந்து கிளம்புவது, ரோஜா முள் மாதிரி. அதனால்தான் இலை நரம்பின்மேல்கூட அதனால் முளைக்க முடிகிறது.

மூலிகை விஷயத்தில் நான் இவ்வளவு கறாராக அடையாளம் பார்க்கச் சொல்வதற்கு ஒரு சொந்த அனுபவம் காரணம். சில வருடங்களுக்கு முன் ஒரு நாட்டு மருந்துக் கடையில் காய்ந்த கண்டங்கத்திரி கால் கிலோ வாங்கி வந்தேன். வீட்டில் செய்தித்தாள்மேல் கொட்டிப் பிரித்தபோது பாதிக்குமேல் வேறு செடி. தடித்த நிமிர்ந்த தண்டு, பெரிய காய், முள் குறைவு. காட்டுக் கத்திரியாகத்தான் இருக்க வேண்டும். அதனுள் பிரம்மதண்டின் காய்ந்த காய் ஒன்றும் கிடந்தது. கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. அவருக்குச் செடி தெரியாது, மூட்டையில் வந்ததை நிறுத்துக் கொடுத்தார். பறித்தவருக்கும் "முள்ளுள்ள கத்திரி" என்றுதான் சொல்லியிருப்பார்கள். காய்ந்து நொறுங்கிய பிறகு எல்லா முள்செடியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அன்று முதல் பொடியாக எந்த மூலிகையையும் நான் வாங்குவதில்லை. முழுசாகக் கிடைத்தால் வாங்குவேன், கிடைக்காவிட்டால் விட்டுவிடுவேன்.

பெயரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கண்டம் என்றால் தொண்டை, தொண்டைக்கு நல்லது என்பதால் இந்தப் பெயர் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அப்படி இல்லை. கண்டகம் என்றால் முள். வடமொழியில் கண்டகாரி. முள்ளுள்ள கத்திரி, அவ்வளவுதான் பொருள். தாவரவியல் பெயர் இதைவிடக் குழப்பமானது. 1753ல் தாவரவியலாளர் லின்னேயஸ் வைத்த பெயர் சொலானம் விர்ஜினியானம், அதாவது வர்ஜீனியாக்காரி. அமெரிக்க வர்ஜீனியாவுக்கும் இந்தச் செடிக்கும் எந்தச் சொந்தமும் இல்லை, இது ஆசியாவின் செடி. பின்னால் சூரத் நகரத்தின் பெயரால் சொலானம் சுரத்தென்சே என்றும், மஞ்சள் காய் என்ற பொருளில் சொலானம் சாந்தோகார்ப்பம் என்றும் வேறு பெயர்கள் வந்தன. முதலில் வைத்த பெயருக்கே முதலிடம் என்ற விதியால் இப்போது வர்ஜீனியாப் பெயரே நிலைத்துவிட்டது. பழைய மருத்துவக் கட்டுரைகளில் மற்ற இரண்டு பெயர்களைப் பார்த்தால் வேறு செடி என்று நினைத்துவிடாதீர்கள். மூன்றும் ஒன்றே.

தமிழில் இதற்கு இருக்கும் மரியாதை எவ்வளவு பழையது என்பதற்கு ஒரு நூலின் பெயரே சாட்சி. பதினெண்கீழ்க்கணக்கில் சிறுபஞ்சமூலம் என்று ஒன்று படித்திருப்பீர்கள். ஒவ்வொரு பாட்டிலும் ஐந்து செய்தி. அந்தப் பெயர் மருந்திலிருந்து எடுத்தது. கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்ற ஐந்தின் வேர்தான் சிறுபஞ்சமூலம். வழுதுணை என்பது கத்திரிக்குப் பழைய பெயர். ஆக ஐந்து வேரில் இரண்டு கத்திரிக் குடும்பம். உடம்புக்கு அந்த ஐந்து வேர் மாதிரி மனசுக்கு இந்த ஐந்து கருத்து என்று ஒரு புலவர் பெயர் வைக்கிறார் என்றால், கேட்கிறவர்களுக்கு அந்த மருந்து வீட்டுப் பழக்கமாக இருந்திருக்க வேண்டும். ஆயுர்வேதத்தின் தசமூலம் என்ற பத்து வேரிலும் கண்டங்கத்திரி ஒன்று. வகுப்பில் தமிழாசிரியர் இந்த நூலை நடத்தும் வாரத்தில் நான் வெளியே போய் ஒரு கண்டங்கத்திரிச் செடியை வேரோடு கொண்டுவந்து மேசைமேல் வைப்பேன். பிள்ளைகள் அப்புறம் அந்தப் பெயரை மறந்ததே இல்லை.

இப்போது மருந்துக் குணம். வெறும் நம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. 1999ல் வெளியான ஒரு சிறு ஆய்வில் ஆஸ்துமா நோயாளிகளுக்குக் கண்டங்கத்திரிப் பொடியோ தூதுவளைப் பொடியோ 300 மில்லிகிராம் கொடுத்து, மூச்சின் அளவைக் கருவியில் ஊதச்சொல்லிப் பார்த்தார்கள். இரண்டுமே மூச்சை ஓரளவு இலகுவாக்கின. அதே ஆய்வில் சல்பூட்டமால், டெரிஃபிலின் என்ற ஆஸ்துமா மாத்திரைகளோடும் ஒப்பிட்டார்கள். மாத்திரை அளவுக்கு மூலிகை வேலை செய்யவில்லை. இரண்டு செய்தியையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முதல் பாதியை மட்டும் சொல்லி விற்பவர்களும் இருக்கிறார்கள், இரண்டாம் பாதியை மட்டும் சொல்லி மூலிகையையே மட்டம் தட்டுபவர்களும் இருக்கிறார்கள். சித்த மருத்துவத்தில் கண்டங்கத்திரி லேகியம் இருமலுக்கும் இரைப்புக்கும் கொடுக்கப்படுகிறது. தேவைப்பட்டால் சித்த மருத்துவர் பார்த்து, வயதுக்கும் எடைக்கும் தக்கபடி தரட்டும். அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது. நாமாகக் காய்ச்சினால் வரும் கஷ்டம் என்னவென்றால், நம் கஷாயத்தில் எவ்வளவு சத்து இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. மண், மழை, காய் பச்சையா பழமா என்பதைப் பொறுத்து அது மாறும்.

அந்தச் சத்தில் விஷமும் ஒரு பங்கு. சொலசோனின், சொலமார்ஜின் என்ற பொருள்கள் இதன் காயில் இருக்கின்றன. பச்சை நிறமேறிய உருளைக்கிழங்கில் இருக்கும் சொலானின் என்ற நச்சுப்பொருளுக்கு உறவு. அளவு மிஞ்சினால் வாந்தி, வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி. இந்த வகைப் பொருள்கள் கொதிக்கும் தண்ணீரில் எளிதில் அழிவதில்லை, அதனால் நன்றாகக் காய்ச்சிவிட்டேனே என்பது சமாதானம் ஆகாது. பச்சைக் கோடு போட்ட அந்தக் காய் பிள்ளைகள் கண்ணுக்கு விளையாட்டுச் சாமானாகத் தெரியும். உங்கள் பையனிடம் சொல்லி வையுங்கள். கர்ப்பிணிகளும் இதைத் தொடாமல் இருப்பது நல்லது. இதே பொருள்களிலிருந்து கிடைக்கும் சொலசோடினை வைத்துத்தான் ஸ்டீராய்டு மருந்துகள் செய்ய ஒரு காலத்தில் பல நாடுகள் கத்திரிக் குடும்பத்தைத் தேடி ஓடின. இந்தியாவில் அதற்காக வடகிழக்கு மலைகளின் வேறொரு முள்கத்திரியைப் பயிராகவே வளர்த்தார்கள். வேலியில் கிடக்கிற செடியின் சொந்தக்காரர்கள் தொழிற்சாலை வரைக்கும் போயிருக்கிறார்கள்.

பல்வலிக்குக் கண்டங்கத்திரிப் புகை பிடிப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அந்தப் பெரியவர் ஒரு நாள் சொல்வார். காய்ந்த பழத்தை அல்லது விதையை நெருப்பில் போட்டு, அந்தப் புகையை வாயில் வாங்கினால் பல்லில் உள்ள புழு விழும் என்பார்கள். என் பாட்டி அப்படிச் செய்து நான் பார்த்திருக்கிறேன். வலி கொஞ்சம் மரத்துப்போவது உண்மையாக இருக்கலாம். ஆனால் பல்லில் புழு என்று ஒன்று கிடையாது. பல் சொத்தை பாக்டீரியாவின் அமிலத்தால் வருவது. அப்படியானால் தண்ணீர்த் தட்டில் விழுந்ததைக் கண்ணால் பார்த்தோமே என்பார்கள். ஐரோப்பாவிலும் இதே குடும்பத்தின் இன்னொரு செடியான குரோசாணி ஓமத்தின் விதையைப் புகைத்துப் பல் புழு எடுத்தார்கள். சூட்டில் விதை வெடிக்கும்போது உள்ளே சுருண்டிருக்கும் முளைக்கரு வெள்ளையாக வெளியே தெறிக்கும். பார்க்கச் சின்னப் புழு மாதிரியே இருக்கும். எங்கள் வீட்டுத் தட்டிலும் விழுந்தது அப்படி ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். பாட்டி பொய் சொல்லவில்லை. அவர் கண்ணில் பட்டது அதுதான். சொத்தைப் பல்லுக்குப் பல் மருத்துவர்தான் வழி.

வெளிப்பூச்சு ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. கண்டங்கத்திரி இலைச்சாற்றை ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சிக் குதிகால் வெடிப்புக்குப் போடுவது. செங்கல் சூளையிலும் வயலிலும் செருப்பில்லாமல் நிற்கிறவர்களுக்கு இது நல்ல ஆறுதல். ஆறாத வெடிப்பு, சர்க்கரை நோய் உள்ளவர் என்றால் இதையும் செய்யக்கூடாது.

எரித்துவிடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். எல்லாவற்றையும் எரிக்க வேண்டாம். பையன் ஓடி விளையாடும் இடத்திலும், கட்டட வேலைக்கு ஆள்கள் நடக்கும் இடத்திலும் இருப்பதை மட்டும் எடுத்துவிடுங்கள். ஒரு மழை பெய்து மண் இளகின மறுநாள் கடப்பாரையால் வேரோடு நெம்பி எடுத்தால் சுலபம். ஆணிவேர் ஆழமாகப் போகும். கத்திரி வெயிலில் மற்றதெல்லாம் கருகிக் கிடக்கும்போது இது மட்டும் பச்சையாகப் பூத்துக்கொண்டிருப்பதற்கு அந்த வேர்தான் காரணம். மேலே அரிந்துவிட்டுப் போனால் மறுபடி தழைக்கும். மஞ்சள் காய் இருந்தால் அதையும் பொறுக்கிவிடுங்கள், இல்லையென்றால் அடுத்த மழைக்கு அத்தனை விதையும் முளைக்கும். தடித்த தோல் கையுறையும் கனமான செருப்பும் வேண்டும். ரப்பர் செருப்பை இந்த முள் துளைத்துவிடும். முள் சதைக்குள் ஒடிந்துவிட்டால் சீழ் வைக்கும்வரை காத்திருக்காமல் எடுத்துக் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டு நாளாகியிருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

பக்கத்து நிலத்தில் கத்திரி போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். போட்டிருந்தால் அந்த வரப்பை ஒட்டி இதை விட்டுவைப்பது அவர்களுக்கு நல்லதில்லை. முதுகில் இருபத்தெட்டுப் புள்ளி உள்ள செம்பழுப்பு வண்டு ஒன்று கத்திரி இலையை நரம்பு மட்டும் மிச்சம் வைத்துச் சுரண்டித் தின்னும். கத்திரி இல்லாத பருவத்தில் அது கண்டங்கத்திரி மாதிரியான காட்டுச் சொந்தங்களில் பிழைத்திருக்கும். இலை சிறுத்துப் போய்க் கொத்தாக நிற்கும் சிற்றிலை நோயும் தத்துப்பூச்சியால் களைச்செடியிலிருந்து பயிருக்குப் போகும். இதே குடும்பத்தின் சுண்டையோ கத்திரிக்குப் பெரிய உதவி செய்கிறது. வாடல் நோயைத் தாங்குகிற சுண்டை வேரின்மேல் கத்திரியை ஒட்டுக்கட்டி நடுகிறார்கள்.

மனையின் ஒரு மூலையில், வேலி ஓரமாக, இரண்டு செடியை மட்டும் விட்டுவைக்க முடிந்தால் விட்டுவையுங்கள். காரணம் அந்தப் பூ. கத்திரிக் குடும்பத்தில் இந்த வகைப் பூக்களில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் வெளியே கொட்டிக் கிடக்காது. மஞ்சள் பைகளின் நுனியில் ஊசித்துளை மாதிரி ஓட்டை, உப்பு டப்பி மூடியில் இருப்பது போல. அதை உலுக்கினால்தான் தூள் வரும். அடைத்தேன் எடுக்கிற தேனீக்கு அந்த வித்தை தெரியாது. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுகிற பெரிய கருவண்டும், வயிற்றில் நீலக்கோடு போட்ட ஒரு காட்டுத்தேனீயும் வந்து, பூவைக் கால்களால் கவ்விக்கொண்டு இறக்கையை அசைக்காமல் நெஞ்சுத் தசையை மட்டும் அதிரவைக்கும். சாதாரணமாகப் பறக்கும் ரீங்காரத்தைவிடச் சத்தம் மேல்கட்டைக்கு ஏறும். மகரந்தம் புகை மாதிரி அதன் வயிற்றில் கொட்டும். பக்கத்துத் தோட்டத்துத் தக்காளிக்கும் கத்திரிக்கும் அதே வண்டுகள்தான் வேலை செய்கின்றன. கோடையில் வேறு பூ இல்லாதபோது அவற்றைப் பிடித்து வைத்திருப்பது இந்த மாதிரிக் காட்டுப்பூதான்.

காலை ஏழு, எட்டு மணிவாக்கில் பையனைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு அடி தள்ளி உட்கார்ந்து காத்திருங்கள். அந்தச் சத்தம் கேட்கும். அப்படியே ஒரு கிளை, ஒரு இலையின் அடிப்புறம், ஒரு காய் மூன்றையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்து உறுதியாகச் சொல்கிறேன். மருத்துவர் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள்.